எந்தப் பக்கம் துளை போடுவது?

துப்பாக்கிப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் போன மாதம் என் வீடு தேடி வந்தார். பலமாக உதைக்கும் லீவர் ரைபிள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, அதற்குக் குறிபார்க்கும் கண்ணாடி, அதாவது ஸ்கோப், எது பொருந்தும், எப்படிப் பூட்டுவது என்று கேட்டார். கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லி அனுப்பினேன். அவர் படி இறங்கிப் போன பிறகுதான் நான் சொன்னது பாதிப் பதில் என்று பட்டது. மீதியை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

தொழில் சங்கதியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பழைய லீவர் ரைபிள்களில் பல மேற்பக்கம் திறப்பவை. விசைக்குக் கீழே இருக்கும் லீவரை இறக்கியதும் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு நேரே மேலே எகிறும். அதனால் ஸ்கோப்பை உச்சியில் வைக்க முடியாது. ஒரு பக்கமாகத் தள்ளித்தான் வைக்க வேண்டும். அடுத்தது உதை. கனத்த தோட்டா போடும் ரைபிள் சுட்ட கணத்தில் பின்னால் பாயும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையில் போதிய இடம் விடாவிட்டால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். எங்கள் காலத்துக் கண்ணாடிகளில் அதிகம் பெருக்கிக் காட்டுகிறவற்றுக்குக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். குறைவாகப் பெருக்குகிறவை கண்ணைத் தள்ளி வைக்க விடும். ஆகவே உதைக்கிற ரைபிளுக்குச் சின்னக் கண்ணாடிதான் நல்லது.

கலகெதரப் பக்கத்து மிளகு வியாபாரி ஒருவர், நான் இதைச் சொன்னபோது நம்பவில்லை. பெரிய கண்ணாடியாக வேறு எங்கேயோ பூட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரம் புருவத்தில் தையலோடு வந்து ரைபிளை மேசையில் வைத்தார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

இவ்வளவும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். இனி நான் சொல்லப்போவது கிடைக்காது.

நாடு சுதந்திரம் பெற்றுப் பத்துப் பன்னிரண்டு வருடமான காலம் அது. கண்டியில், கடைத்தெருவிலிருந்து பிரிந்துபோகும் ஓர் ஒழுங்கையில் பட்டறை இருந்தது. முதலாளி, மகளின் பிரசவத்துக்காகக் கொழும்புக்குப் போயிருந்தார். சின்ன வேலையோ பெரிய வேலையோ, முடிவு எடுக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

அந்த நாட்களில்தான் திருச்செல்வம் ஐயா மனைவியோடு வந்தார். வத்தேகமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கர். கொழுந்து வாட்டுவதிலிருந்து தேயிலை பெட்டியில் அடைபடும் வரை தொழிற்சாலையில் எல்லாம் அவர் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், வாலிபத்திலேயே மலைக்கு வந்துவிட்டவர். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர், உரிமப் பத்திரத்தை முறைப்படி மாற்றி, தன் லீவர் ரைபிளை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காட்டெருமைக்கென்றே செய்தது போன்ற கனத்த ரைபிள். விளையாட்டுக்காக அவர் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. காட்டு ஓரத்துச் சனங்கள் வந்து கூப்பிட்டால் மட்டும் போவார். மலைக்குக் கிழக்கே, மகியங்கனைப் பக்கத்துப் புதுக் குடியேற்றங்களில் அவர் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு.

இந்த முறையும் அப்படித்தான் கூப்பிட்டிருந்தார்கள். தனியன் எருமை ஒன்று வயல்களில் இறங்கி, முதியான்சே என்ற விவசாயியின் தொடையைக் குத்திக் கிழித்துவிட்டது. அவர் கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். எருமையைச் சுடுவதற்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். ஐயா ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் நின்று, வருகிற சனிக்கிழமை தானே வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு முன் ரைபிளுக்கு ஸ்கோப் பூட்ட வேண்டும் என்று வந்திருந்தார்.

கையோடு ஒரு ஸ்கோப்பும் கொண்டுவந்தார். துரை விட்டுப்போனது, நீளமானது, நன்றாகப் பெருக்கிக் காட்டுவது. நான் புருவத்துக் கதையைச் சொல்லி, எங்கள் அலுமாரியிலிருந்து சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் காட்டினேன். மிளகு வியாபாரியைப் போல அவர் வாதாடவில்லை. ஆனால் முகம் வாடிவிட்டது.

“பெரிசாக் காட்டிறது நல்லமெல்லோ, தம்பி?” என்று ஒருமுறை கேட்டார். எருமையை நாற்பது ஐம்பது அடியில்தான் சந்திப்பீர்கள், அவ்வளவு கிட்டத்தில் பெரிய கண்ணாடிக்குள் கறுப்புத் தோல் மட்டும்தான் தெரியும், தலை எது வால் எது என்று தெரியாது என்றேன். ஒத்துக்கொண்டார். அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மனைவி மனோன்மணி அம்மா சுவரோரக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவர் பேசியது மிகக் குறைவு. தேத்தண்ணி வந்தபோது ஐயாவின் கோப்பையை எடுத்து அவருடைய இடது கைப்பக்கமாக வைத்தார். ஐயா வலது கைக்காரர். நான் அதைப் பார்த்தேன், ஆனால் அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை.

ரைபிளில் தோட்டா இல்லையென்று இருவருமாகப் பார்த்துக்கொண்டோம். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு ஸ்கோப் இடப்பக்கம் சரிந்து நிற்க வேண்டும். அந்தப் பக்கத்தில் உருக்கைத் துளைத்துத் திருகாணி போட வேண்டும். உருக்கில் போட்ட துளை போட்டதுதான், அழிக்க முடியாது. ஆகவே துளைப்பதற்கு முன் மரத்துண்டு வைத்து ஸ்கோப்பைத் தற்காலிகமாகப் பிடியில் இறுக்கி, ஆளின் கண்ணுக்கு அளவு பார்ப்பது எங்கள் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைக்கச் சொல்வோம். பிறகு கண்ணைத் திறந்தால் கண்ணாடிக்குள் முழு வட்டமும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்புப் பிறை விழுந்தால் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்துவோம்.

ஐயா தோளில் வைத்தார். நிற்கிற நிலையில் ஒரு குறையும் இல்லை. எத்தனையோ வருடம் பழகிய உடம்பு.

“எப்படிங்க ஐயா, வட்டம் முழுசாத் தெரியுதா?”

“ஓம். நல்லாத் தெரியுது.”

கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தினேன். நல்லாத் தெரியுது என்றார். பின்னுக்கு நகர்த்தினேன். அதற்கும் அதே பதில். இப்படி ஒருவருக்கும் எல்லா இடத்திலும் ஒரேபோலத் தெரியாது. மரத்துண்டு பிசகியிருக்கிறதோ என்று குனிந்து பார்த்தேன். அப்போதுதான் கண்டேன். உருக்குத் தூள் படாமல் இருக்க ஸ்கோப்பின் முன்கண்ணாடிக்கு மாட்டியிருந்த தோல் மூடி மாட்டியபடியே இருந்தது.

இருட்டைப் பார்த்துத்தான் அவர் நல்லாத் தெரியுது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணுக்கு மூடி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நிமிர்ந்தபோது என் பார்வை மனோன்மணி அம்மாவின் மேல் விழுந்தது. அவரும் மூடியைக் கண்டுவிட்டார். தலையை மிக மெதுவாக அசைத்தார். சொல்ல வேண்டாம் என்று அர்த்தம்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கும் இப்படி ஒரு கணம் வரும். வாயைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாது. அந்த நேரத்தில் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். அவகாசம் தேடிக்கொண்டேன். ஸ்கோப்பைப் பிடிக்கும் தாங்கியில் ஒரு சின்னக் கோணல் இருக்கிறது, அராவிச் சரிசெய்ய வேண்டும், கொஞ்சம் வெளியே போய்விட்டு வாருங்கள் என்றேன். ஐயா ஆஸ்பத்திரிக்குப் போய் முதியான்சேயைப் பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினார். கால் வலிக்கிறது, நான் இங்கேயே இருக்கிறேன் என்று அம்மா சொன்னார்.

அவர் ஒழுங்கையைத் தாண்டும் வரை அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். கன மாதமாகவே வலது கண் மங்கிக்கொண்டு வருகிறதாம். ஐயா அதை ஒருவரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. ஒருநாள் நெற்றி வீங்கி வந்து, தொழிற்சாலையில் யாரோ பெட்டியைக் கவனமில்லாமல் தூக்கிவிட்டார்கள் என்றாராம். தேயிலையின் நிறத்தைப் பார்ப்பதற்கு இப்போது யன்னலோரம் போய்த் தலையைச் சாய்த்துப் பார்க்கிறாராம். கண் போனால் வேலை போகும், வேலை போனால் தோட்டத்து வீடு போகும். அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், கூப்பிட வந்த சனங்களிடம் இனித் தன்னால் ஏலாது என்று சொல்வது. தனக்குத் தெரியும் என்று அம்மாவும் காட்டிக்கொள்ளவில்லை. கோப்பையை இடப்பக்கம் வைப்பதும், தெருவில் வலப்பக்கமாக நடந்து வருவதும், அவருக்குத் தெரியாமல் அவருக்காகச் செய்துவந்தது.

பிறகு என்னிடம் கேட்டார்.

“இந்தத் துவக்குக்குப் பூட்டேலாது எண்டு சொல்லிவிடுங்கோ, தம்பி. மேலாலை திறக்கிற துவக்கு, அதாலை சரிவராது எண்டு சொல்லுங்கோ. இவரின்ரை மானமும் போகாது, ஆளும் காட்டுக்குப் போகார்.”

நான் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தேன். அது சுலபமான பொய். மேலே திறக்கிற ரைபிள் என்பது உண்மைதானே. ஐயா என் பேச்சை நம்புவார். மூன்று பேருடைய மானமும் காப்பாற்றப்படும். நான் கிட்டத்தட்ட சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் ரைபிளைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலை கண்முன்னே வந்தது. நல்லாத் தெரியுது என்று சொன்ன குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. அந்தக் குரல் ஸ்கோப் இல்லை என்றதும் அடங்கிவிடும் குரல் அல்ல.

“அம்மா, ஸ்கோப் இல்லாட்டியும் ஐயா போவாங்க,” என்றேன். “வாக்குக் குடுத்திருக்காங்க. ரைபிள்ல ஏற்கனவே இருக்கிற குறிய வச்சே சுடப் பாப்பாங்க.”

அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

“ஓம். போவார்,” என்றார்.

அவரிடம் அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை, அவரே காணட்டும் என்றேன். எப்படி என்றும் சொன்னேன். அம்மா யோசித்தார். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். தெருச்சனம் பார்க்கக்கூடாது. நான் எழுந்துபோய்ப் பட்டறையின் முன்கதவில் ஒரு பலகையைச் சாத்தினேன்.

பிறகு ஸ்கோப்பைக் கழற்றி, ரைபிளின் வலப்பக்கத்துக்கு மாற்றி வைத்து இறுக்கினேன். மூடியை எடுக்கவில்லை.

ஐயா திரும்பி வந்தபோது முதியான்சேயின் தம்பி பியதாசவும் கூடவே வந்திருந்தான். அவன் உள்ளே வரவில்லை, எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துகொண்டான். சனிக்கிழமை ஐயாவை எந்த பஸ்ஸில் எதிர்பார்ப்பது என்று கேட்டுக்கொண்டு போக வந்தவன்.

மறுபடியும் ரைபிள் வெறுமையாக இருப்பதைப் பார்த்தோம். “ஐயா, இந்தத் தடவை இடது தோள்ல வச்சுப் பாருங்களேன்,” என்றேன். ஏன் என்று கேட்டார். ஒரு பக்கத்தில் தாழ்ப்பாள் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் ரைபிள் வலது கைக்காரருக்கென்று செய்தது, லீவர் ரைபிளுக்கு இரண்டு தோளும் ஒன்றுதான், எந்தப் பக்கம் துளை போடுவதென்று தீர்மானிக்க முன் இரண்டையும் பார்ப்பது நல்லது என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவர் ரைபிளை இடது தோளுக்கு மாற்றினார். பழகாத பக்கம், ரைபிளின் மரக்கட்டை தோளில் சரியாகப் பதியவில்லை. கண்ணை மூடி, கன்னத்தைக் கட்டையில் வைத்து, இடது கண்ணைத் திறந்தார்.

“ஒண்டும் தெரியேல்லை, தம்பி. இருட்டாக் கிடக்கு.”

அவர் ரைபிளை இறக்கி, குழாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி மேசையில் வைத்தார். அவர் விரல் ஸ்கோப்பின் மேல் மெதுவாக நகர்ந்துபோய் மூடியைத் தொட்டது. அங்கேயே நின்றது.

“இது முந்தியும் கிடந்ததோ?”

“கெடந்துச்சுங்க ஐயா.”

“நான் தெரியுது எண்டனான்.”

“ஆமாங்க ஐயா.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட அவருக்கு உரிமையும் இருந்தது. அவர் மூடியைக் கழற்றிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தார். அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவைப் பார்க்காமலே கேட்டார்.

“உமக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“எப்பவிருந்து?”

“என்ரை முகத்தைப் பாக்க நீங்கள் தலையை முழுக்கத் திருப்பத் தொடங்கின நாளிலையிருந்து.”

ஐயா அப்போது தலையை முழுக்கத் திருப்பி அம்மாவைப் பார்த்தார். நான் அரத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை. பழைய திருகாணிகளை ஒரு தகரத்திலிருந்து இன்னொரு தகரத்துக்கு மாற்றிக்கொண்டு நின்றேன். சிறிது கழித்து ஐயா கூப்பிட்டார்.

கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. பெரிய கண்ணாடி போட்டால் அந்தக் கண்ணுக்குள் வெளிச்சம் திரும்பும் என்று நம்பியிருந்தாராம். வீட்டில் துரையின் ஸ்கோப்பை வைத்துப் பார்த்தபோதும் தெரியவில்லை, ஒருவேளை ரைபிளில் சரியாகப் பூட்டினால் தெரியும் என்று நினைத்தாராம். “விசர் நினைப்பு,” என்று சொல்லிக் கொஞ்சம் சிரித்தார். பிறகு பலகை சாத்திய கதவைப் பார்த்தார்.

“வெளியிலை பொடியன் இருக்கிறான். அவனுக்கு நான் என்ன சொல்ல?”

“உள்ளதைச் சொல்லுங்கோ. நானும் வாறன்,” என்றார் அம்மா.

இருவரும் ஒழுங்கையைக் கடந்து போனார்கள். நான் பலகையை எடுத்துவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். ஐயா சிங்களத்தில் சொல்கிறார், தன் கண்ணைத் தொட்டுக் காட்டுகிறார். பியதாச முதலில் எழுந்து நின்றான். அவன் முகம் விழுந்துவிட்டது. கடைசி ஆளும் இல்லை என்றான பிறகு வருகிற முகம் அது. பிறகு தான் உட்கார்ந்திருந்த கதிரையைத் துடைத்து, அம்மாவுக்கு நகர்த்திப் போட்டான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஐயா அன்றைக்கே பியதாசவோடு கச்சேரிக்கு, அதாவது அரசாங்க மாவட்ட அலுவலகத்துக்கு, போனார். அரசாங்கத்திலிருந்து சுடத் தெரிந்த ஆட்களை அனுப்பச் சொல்லி, ஓர் அதிகாரி வாக்குக் கொடுக்கும் வரை வாசற்படியை விட்டு இறங்கவில்லை. ஆனால் ஆட்கள் வந்து சேரச் சுணங்கிவிட்டது. அதற்குள் எருமை இன்னொரு வயலை மிதித்து நாசமாக்கியது. ஓர் ஏழை வீட்டின் பசுக்கன்றைக் கொன்றது. பழகாத தோளாக இருந்தாலும் நான் அன்றைக்கே இடது தோளுக்கு ஸ்கோப் பூட்டிக் கொடுத்திருந்தால் அந்தக் கன்று பிழைத்திருக்குமா என்று பல நாள் நினைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் சரியான முடிவுக்கும் ஒரு செலவு இருக்கும், அதை இன்னொருவர் கொடுக்க நேரும். அதைத் தெரிந்துகொண்டே முடிவு எடுக்க வேண்டும்.

அந்த நாட்கள் முழுவதும் ஐயா குடியேற்றத்திலேயே தங்கினார். தோட்டத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ரைபிளை எங்கள் பட்டறை அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் போனார். எந்தப் பக்கம் காற்றடித்தால் எந்த வரம்பால் நடக்கக்கூடாது, பிள்ளைகள் தண்ணீருக்குப் போகும்போது ஆளுயர மானாப்புல் வளர்ந்த எந்தத் திட்டைச் சுற்றிப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் கூடவே போயிருந்தார். பிறகு ஆட்கள் வந்தார்கள். எருமை படுத்துக் கிடக்கும் சேற்றுக்குட்டையை ஐயா தூரத்திலிருந்து காட்டிக் கொடுக்க, அவர்கள் சுட்டார்கள். அதன் தோள்பட்டையில் யாரோ எப்போதோ சுட்ட நாட்டுத் துவக்குக் குண்டு ஒன்று இருந்து, சீழ் பிடித்திருந்ததாம். அது வலியோடு அலைந்த மிருகம் என்று ஐயா பிறகு என்னிடம் சொன்னார்.

தோட்டத்துப் புதிய துரையிடமும் அவரே போய்ச் சொன்னார். வேலை போகவில்லை. தேயிலையின் நிறம் பார்க்க உதவிக்கு ஓர் ஆளைப் போட்டார்கள். பிறகு வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. ஓரளவு வெளிச்சம் திரும்பியது, ஆனால் அந்தப் பக்கத்தில் இனி எந்த உதையும் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காயம் நன்றாக ஆறிய பிறகு, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஐயா மறுபடி பட்டறைக்கு வந்தார். இடது தோளுக்குப் பூட்ட முடியுமா என்றார்.

இந்த முறை மூடி இல்லாமல், மூடியோடு, முன்னுக்கு, பின்னுக்கு என்று எல்லா விதமாகவும் அளவு பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் அவர் உள்ளதைச் சொன்னார். இப்ப கறுப்புப் பிறை விழுகுது, இப்ப மங்கல், இப்ப சரி என்றார். எனக்கு அதற்குமுன் அவ்வளவு சுலபமாக ஒரு கண்ணாடி அளவு பிடிபட்டதில்லை. இடப்பக்கத்துக்கென்று வந்த தாங்கியை ஒதுக்கிவைத்து, வலப்பக்கத்துக்குப் புதிதாக ஒன்று செய்தேன். அதே சின்னக் கண்ணாடிதான். கண்ணுக்கும் அதற்கும் இடையில் நாலு விரல் வைக்கத்தக்க இடம் விட்டு, தோளில் படும் கட்டையின் அடியில் தடித்த ரப்பர் மெத்தையும் போட்டு, அதன் பிறகுதான் உருக்கைத் துளைத்தேன். மருந்து குறைத்து நிரப்பிய தோட்டாக்களைக் கொண்டு, அம்பிட்டிய பக்கம் கைவிடப்பட்ட ஒரு கற்குழியில், உரிய அனுமதியோடு சுட்டுப் பார்த்தோம். குறி நன்றாக விழுந்தது. புருவம் பத்திரமாக இருந்தது. ஐம்பது அடிக்கு அப்பால் இனி எதையும் சுடமாட்டேன் என்று அவரே எல்லை போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு அந்த ரைபிளுக்கு வேலை வரவே இல்லை. நான் இந்தத் தொழிலை விடும் வரை, ஸ்கோப் பூட்ட வந்த ஒவ்வொருவருக்கும் முதல் தடவை மூடியைக் கழற்றாமல்தான் அளவு பார்த்தேன். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே மூடியை எடுக்கச் சொல்வார்கள். வேறொருவர் நல்லாத் தெரியுது என்றார். அவரை உட்காரவைத்து, முதலில் தேத்தண்ணி சொன்னேன்.

எருமை விழுந்த பிறகு வந்த முதல் போகத்து அறுவடை முடிந்ததும் குடியேற்றத்திலிருந்து அழைப்பு வந்தது. புது அரிசிச் சோறு சாப்பிட வரச் சொல்லி, என்னையும் சேர்த்துக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று பேரும் போனோம். முதியான்சே ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து எங்களை அழைத்துப் போனார். தொடை ஆறியிருந்தது, நடை கொஞ்சம் இழுத்தது. களத்து மேட்டுக்குப் பக்கத்தில் பாய் விரித்து வரிசையாக உட்காரவைத்தார்கள். எங்களுக்கு எதிரே, அன்றைக்கு எருமையைத் தேடிப் போவதற்கு ஆயத்தமாக நின்ற ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பியதாசவும் இருந்தான்.

முதியான்சே ஐயாவிடம் சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். ஐயா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவாகப் பிடிபடாது. என்ன சொல்கிறார் என்று என்னைப் பார்த்தார். ஐயா வாய் திறக்காததால் நான் சொன்னேன்.

“அந்தச் சனிக்கிழம ஐயா வந்திருந்தா, இவங்க எல்லாரும் அவருக்குப் பின்னால புல்லுக்குள்ள எறங்கத் தயாரா நின்னாங்களாம், அம்மா. ஐயா முன்னால போறப்ப எங்களுக்கு என்ன பயம்னு ஒருத்தரும் கத்திகூட எடுக்கலையாம்.”

ஐயாவின் குறி தப்பியிருந்தால் எருமையின் முன் நின்றிருக்கக்கூடிய அந்த வரிசையை அம்மா ஒரு முறை முழுக்கப் பார்த்தார். கிழவர்களும் இருந்தார்கள், மீசை அரும்பாதவர்களும் இருந்தார்கள். எழுந்தார். பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணின் கையிலிருந்து சோற்றுச் சட்டியை வாங்கிக்கொண்டார். வரிசையின் தொடக்கத்துக்குப் போய், முதல் ஆளின் இலையில் சோறு வைத்து, “நம மொகத?” என்று சிங்களத்தில் பெயர் கேட்டார். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். சொன்ன பெயரை அவர் ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தார். பிறகு அடுத்தவனிடம் போனார். அப்படியே ஒவ்வொருவராக, ஒருவரையும் விடாமல், பெயர் கேட்டுக் கேட்டுச் சோறு வைத்துக்கொண்டு போனார்.